பஞ்சாங்கம் பார்க்கும் மருந்துக்கடை

தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவனுக்குப் பஞ்சாங்கம் தெரியாவிட்டால் பிழைப்பு ஓடாது. தைப்பூசம் எந்தத் தேதி, பங்குனி உத்திரம் எப்போது, கார்த்திகை ஒன்று என்ன கிழமை, ரம்ஜான் இந்த வருசம் வெயிலிலா பனியிலா, சுற்றுப்பட்டு ஊர்களில் மாரியம்மன் நோம்பி எந்த வாரம் சாட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் மொத்த வியாபாரிக்கு ஆர்டர் சொல்வேன். டி.பார்ம் பாடப் புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. கடை மேசைக்குப் பின்னால் நின்று நின்று தெரிந்துகொண்டதுதான்.

டாக்டரிடம் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள். இங்கே டோக்கன் இல்லை, ஃபீஸ் இல்லை, பின்னால் காத்திருக்கும் கூட்டமும் அவ்வளவு இல்லை. "டாக்டர்கிட்டச் சொன்னா வையுவாருங்க, அதான் சொல்லலீங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சில் பாதி சாமி சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்தியது, வேண்டுதலுக்காக ஆபரேசனைத் தள்ளிப்போட்டது, மந்திரித்துக் கட்டிய கயிறு ஈரமாகக் கூடாது என்று புண்ணைக் கழுவாமல் விட்டது எல்லாம் என் காதுக்கு முதலில் வந்துவிடும்.

எங்கள் ஊர் அமராவதிக் கரையில் இருக்கிறது. இங்கிருந்து பழநி சுமார் 35 கிலோமீட்டர். ஈரோடு, காங்கயம் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்களும், பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்து வருகிறவர்களும் தாராபுரத்தைத் தாண்டிப் போவார்கள். இங்கே வந்து சேரும்போது கால் ஏற்கெனவே பல மைல் தேய்ந்திருக்கும். அதனால் அந்த நாட்களில் என் கடைக்கு வருவது முகமல்ல, பாதம். கொப்புளம், தொடை இடுக்கில் உராய்வு, கெண்டைக்கால் பிடிப்பு. பஞ்சு, பேண்டேஜ், வலித் தைலம், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கும் இருந்தால் பெரும்பாலான யாத்திரைக்காரர்களை அனுப்பிவிடலாம்.

ஒரு பங்குனியில் பச்சை வேட்டி கட்டிய ஒருவர் வந்து தைலம் கேட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் நின்ற இடத்தில் படிக்கல்லில் ரத்தத் திட்டு. "காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். வலது பாதத்தின் நடுவில் சீமைக்கருவேல முள் ஒன்று முறிந்து உள்ளே இருந்தது. சுற்றிலும் வீங்கி, ஓரம் வெளுத்திருந்தது.

"இது எப்பங்க குத்துச்சு?"

"எதுங்க?" என்று குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வலிக்கலீங்களா?"

"வலி எங்கீங்க இருக்குது? நடக்க ஆரம்பிச்சதுமே முருகன் எடுத்துக்கிட்டானுங்க."

"சக்கரைக்கு மாத்திரை சாப்புடறீங்களா?"

"எட்டொம்பது வருசமா சாப்பிட்டனுங்க. மாலை போட்ட அன்னைக்கு நிறுத்திட்டனுங்க. விரதத்துல மருந்து எதுக்குங்க?"

பல வருசம் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்து நரம்பு உணர்வை இழந்துவிடும். கல் குத்தினாலும் தார் ரோடு சுட்டாலும் மூளைக்குச் செய்தி போகாது. அவர் அருள் என்று நினைத்தது அந்த மரமரப்பைத்தான். அதை அந்த நேரத்தில் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்த குருசாமியைக் கூப்பிட்டு, "இவரை இனி ஒரு எட்டுகூட நடக்க விடாதீங்க. ஆஸ்பத்திரியில முள்ளை எடுத்து, டி.டி. ஊசி போட்டு, சக்கரை எவ்வளவுன்னு பாக்கோணும்" என்றேன். சமையல் பாத்திரம் ஏற்றி வந்த வண்டி கூடவே இருந்தது. "மீதி தூரம் வண்டியில வா, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று குருசாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நானோ டாக்டரோ சொல்லியிருந்தால் அரை மணி நேரம் வாதம் நடந்திருக்கும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுக் கணக்குப்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேர். பழநிக்கு நடக்கும் கூட்டத்திலும் அந்த விகிதம் இருக்கத்தானே செய்யும்? கால் உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விதி. அப்படிப்பட்டவர்களுக்கென்றே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு விற்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் வேண்டுதல் குறைந்துபோகும் என்று எந்த ஆகமமும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்தது விரதம். கந்த சஷ்டியின் ஆறு நாள், செவ்வாய், கிருத்திகை, ஏகாதசி. இப்போது நாளுக்கொரு மிளகு கூட்டிச் சாப்பிடும் மிளகு விரதம் வேறு பரவியிருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் விரதத்தில் இரண்டு விதமாக மாட்டுகிறார்கள். ஒருவர் சோற்றோடு மாத்திரையையும் நிறுத்திவிடுவார். இன்னொருவர் சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார். இரண்டாமவருக்குத்தான் அன்றைக்கே ஆபத்து. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு, பேச்சுக் குழறும்.

இதைக் கோயிலில் வைத்துக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை எங்கள் ஊர்ப்பக்கத்து மாரியம்மன் நோம்பியில் பார்த்தேன். மாவிளக்குத் தட்டோடு வரிசையில் நின்ற ஒரு அம்மா உடல் நடுங்கி, தலை தொங்கி, என்னவோ முனகினார். பம்பை உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "ஆத்தா வந்துட்டா" என்று சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். பூசாரி திருநீறு எடுக்கப் போனார். அந்த அம்மா மாதாமாதம் என்னிடம் கிளிமிபிரைடு வாங்குகிறவர். கையைத் தொட்டேன், ஜில்லென்று ஈரமாக இருந்தது. நல்ல வேளையாகத் தேடி அலையாமல் மருந்து பக்கத்திலேயே இருந்தது: மாவிளக்குக்குக் கொண்டுவந்த வெல்லம். தண்ணீரில் கரைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "ஏனுங் தம்பி, என்னாச்சு?" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மாத்திரை மட்டும் போட்டிருக்கிறார்.

ரம்ஜானில் இதே கதை முப்பது நாள் நடக்கும். இந்தியா உட்பட 13 நாடுகளில் பன்னிரண்டாயிரம் சர்க்கரை நோயாளிகளைக் கேட்டு 2004-இல் வெளிவந்த எபிடியார் ஆய்வில், நோன்பு மாதத்தில் சர்க்கரை ஆபத்தாகக் குறைவது, இரண்டாம் வகை நோயாளிகளிடம் மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. ஆனாலும் ஊரே நோன்பிருக்கும்போது தான் மட்டும் சாப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் எங்கள் ஊர் முஸ்லிம் வாடிக்கையாளர்களிடம் ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது. பிறை தெரிவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போய், மூன்று வேளை மருந்தை சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றி எழுதி வாங்கி வருகிறார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதையும் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுத் தெளிந்திருக்கிறார்கள். சஷ்டி விரதக்காரர்கள் இப்படி முன்கூட்டி டாக்டரைப் பார்த்து நான் அதிகம் கண்டதில்லை.

கோடை வந்தால் அம்மை. வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். வெளியாட்கள் உள்ளே போக மாட்டார்கள். அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். ஆளைத் தனியே படுக்க வைத்து, இளநீரும் கூழும் கொடுத்து, கடைசியில் வேப்பிலை மஞ்சள் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதில் பெரும்பகுதி எந்தச் சுகாதார அதிகாரியும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடுதான். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும் வரை தொற்றும். வாசல் வேப்பிலை அதைத் தடுத்து நிறுத்தும் பலகை.

இந்த மரியாதையும் பயமும் பெரியம்மைக் காலத்திலிருந்து வருவது. அது உயிரையும் கண்ணையும் வாரிக்கொண்டு போன நோய். கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிடியூட் முதலில் செய்த வேலையே அதற்கான அம்மைப்பால் தயாரிப்பது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அது முடிந்தது. 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்றைக்கு வருவது வேறு வைரஸ், வேறு நோய். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆனால் பெரியவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிர்ப்பயம். அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும். நம் வழக்கமோ மூன்று தண்ணீர் ஊற்றும் வரை மருந்தைத் தொடாதது.

ஒருநாள் சாயங்காலம் வயதான அம்மா ஒருவர் காலமைன் லோஷன் கேட்டு வந்தார். யாருக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "ஆத்தா வந்திருக்காங்க" என்றார். மருமகளுக்கு. மருமகள் எட்டு மாத கர்ப்பம். நேற்றிலிருந்து இருமல்.

"அம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அதெப்படிங்க சாமி? ஆத்தா இருக்கறப்ப ஊசி போட்டாக் கோவிச்சுக்கும்."

அசைக்ளோவிர் சீட்டில்லாமல் கொடுக்கிற மருந்தல்ல. கொடுத்திருந்தாலும் அந்த இருமலுக்கு அது போதாது. அவர்கள் ஊர்ப் பூசாரி ரத்த அழுத்தத்துக்கு என் கடையில்தான் மாத்திரை வாங்குகிறார். போன் போட்டு விசயத்தைச் சொல்லி அந்த அம்மாவிடம் கொடுத்தேன். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது: "ஆத்தா மருந்து வேண்டாமின்னு உன்கிட்ட எப்ப வந்து சொன்னா? எனக்கே பிரசருக்கு மாத்திரை குடுத்துத்தான் வெச்சிருக்கறா. புள்ளத்தாச்சியை மொதல்ல கூட்டிட்டுப் போ." அன்றிரவே சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

அதே வைரஸ் உடம்பில் ஒளிந்திருந்து பல வருசம் கழித்து எழும்பினால் அதுதான் அக்கி. அதற்கு மண்பானை செய்கிறவரிடம் போய்க் காவிக் குழம்பால் அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். காவி குளிர்ச்சி தரும். எரிச்சல் கொஞ்சம் அடங்கும். கொப்புளமும் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். ஆனால் முதல் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பிக்காமல் விட்ட வயதானவர்களில் சிலர், ஆறு மாதம் கழித்தும் அதே இடத்தில் சட்டை பட்டாலே எரிகிறது என்று என்னிடம் வருவார்கள். அப்போது கொடுக்க நல்ல மருந்து குறைவு. அக்கி எழுதுங்கள், அன்றைக்கே மாத்திரையும் வாங்குங்கள் என்பேன். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் டாக்டரிடம் ஓடுங்கள் என்பேன்.

காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது என்ற கட்டு பல ஊர்களில் உண்டு. நோம்பி சாட்டி முடியும் வரை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேராமல் நெஞ்சுவலியோடு வீட்டில் இருந்தவர்கள் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காப்புக் கட்டும்போதே, நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இது பொருந்தாது என்று சாட்டிவிடலாம். சில ஊர்களில் அப்படிச் சொல்லவும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

மருந்து எதிலிருந்து வருகிறது என்று கேட்கிறவர்களும் வருகிறார்கள். கேப்சூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். அது மாட்டின் எலும்பிலிருந்தோ பன்றித் தோலிலிருந்தோ எடுப்பது. மாலை போட்டவர்களும் சைவக்காரர்களும் முஸ்லிம்களும் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அதே மருந்து மாத்திரையாகவோ சிரப்பாகவோ இருக்கிறதா என்று பார்த்து, டாக்டருக்குப் போன் செய்து மாற்றித் தருவதும் உண்டு. இன்சுலின் ஒரு காலத்தில் மாடு, பன்றிக் கணையத்திலிருந்து வந்தது. 1982-க்குப் பிறகு நுண்ணுயிரியை வைத்து மனித இன்சுலினையே தயாரிக்கிறார்கள். இதைச் சொன்னதும் நிம்மதியாக ஊசிக்குச் சம்மதித்தவர்கள் உண்டு. அதுவரை அவர்கள் ஊசிக்குப் பயப்படுகிறார்கள் என்றே வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகை ஒன்றாம் தேதி டாஸ்மாக் கூட்டம் குறையும். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் குடியை விடுகிறவர்களைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சந்தோசப்படுவார்கள். அது நியாயமான சந்தோசம். ஆனால் தினம் காலையிலிருந்தே குடித்து வந்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இருக்காது. முதல் நாள் கை நடுங்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் இல்லாத பூச்சியும் பாம்பும் தெரிய, ஆள் பிதற்ற ஆரம்பித்தால் அது உயிரை எடுக்கக்கூடிய நிலை. மாலை போட்டதில் தீட்டுப் பட்டுவிட்டது, சாமி குத்தம் என்று அப்போதும் மந்திரிக்கத்தான் கூட்டிப் போவார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையையும் தயாமின் ஊசியையும் சில நாள் டாக்டர் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டால் இது பெரும்பாலும் தடுக்கக்கூடியது. மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்தவர்கள், 41 நாளைத் தாண்டியும் குடிக்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஐயப்பன் கொடுத்த உறுதியும் வேண்டியிருந்தது, டாக்டர் கொடுத்த மாத்திரையும் வேண்டியிருந்தது.

வலிப்பு, மனநோய், காசம் மூன்றுக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் திடீரென்று கடைப்பக்கம் வராமல் போனால் எனக்குக் கவலை வரும். வேண்டுதல் பலித்துவிட்டது, ஜெபத்தில் சுகம் கிடைத்துவிட்டது, தர்காவில் கட்டு அவிழ்ந்துவிட்டது என்று நிறுத்தியிருப்பார்கள். உடம்பு தெளிந்திருப்பது மாத்திரையாலும்தான் என்று அவர்களுக்குத் தோன்றாது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று விட்டால் விடாமல் தொடர் வலிப்பு வரலாம். காச மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறலாம்.

ஏர்வாடியை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தர்காவுக்குப் பக்கத்துக் காப்பகம் ஒன்றின் கொட்டகை பற்றிக்கொண்டபோது, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது. அதே ஏர்வாடியில் இப்போது வேண்டுதலுக்கு வருகிறவர்கள் மனநல மருத்துவரையும் அங்கேயே பார்த்து மாத்திரை வாங்கிப் போக அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. இன்னொரு பக்கமும் உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் உடன் இருந்தவர்களும் ஆராய்ந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002-இல் எழுதினார்கள். பல வாரம் அங்கே தங்கியதில் நோய்க்குறிகள் ஏறக்குறைய இருபது விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. அமைதியான இடம், கூடவே இருந்த சொந்தக்காரர், செய்வதற்குச் சின்னச் சின்ன வேலை, கேலி செய்யாத சுற்றம். இதில் எதையும் நான் பாட்டிலில் வைத்து விற்க முடியாது.

வேண்டுதலே நோயைக் குணமாக்குமா என்று அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. தெரியாத மனிதர்கள் செய்த ஜெபத்தால் பலன் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக நிச்சயம் ஜெபம் நடக்கிறது என்று அறிந்திருந்தவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நானும் வருசா வருசம் பழநிக்கு நடக்கிறவன்தான். என் வேண்டுதலை யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. நம்பிக்கை மனிதனை எழுப்பி, குளிக்க வைத்து, நேரத்துக்கு உட்கார வைத்து, பக்கத்தில் நாலு பேரைச் சேர்க்கிறது. நீண்ட நாள் நோய்க்கு இதுவே பெரிய உதவி. வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது. என் கடையில் மாத்திரையை மறக்காத ஆட்கள் பலரும் சாமி விளக்குப் போடும் நேரத்திலோ தொழுகை முடித்த கையோடோ போடுகிறவர்கள்.

அதனால் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மாலையோ காப்போ நோன்போ எதுவானாலும், பத்து நாள் முன்னதாகவே மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்து, "நான் இந்த விரதம் இருக்கப் போறேனுங்க" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். எந்த மாத்திரை, எந்த நேரம், எப்போது விரதத்தை முறிக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். டாக்டர் ஐயாக்களும் "விரதம் ஏதாவது இருக்கிறீர்களா?" என்று வையாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குருசாமிகள், பூசாரிகள், போதகர்கள், ஹஸ்ரத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஒரு வார்த்தைக்கு என் கடை அலமாரி முழுவதையும்விட வலு அதிகம், நோயாளியிடம் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். யாராக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.